ரான் பேட்ஜெட்: 'பேட்டர்சன்' பார்த்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

'பேட்டர்சன்' படத்தை வெவ்வேறு நண்பர்களோடு உட்கார்ந்து நான்கைந்து தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் படம் முடிந்து டீ குடிக்கும்போது வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்களில் சில இடங்களில் என் அபிப்பிராயம் கலந்திருக்கும், அது தெரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

யாருங்க இந்த ரான் பேட்ஜெட்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

அமெரிக்கக் கவிஞர். 1942 ஜூன் 17ஆம் தேதி ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சா என்ற ஊரில் பிறந்தவர், பதினெட்டு வயதில் நியூயார்க் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கவிதை, நினைவுக் குறிப்புகள், பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பு, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுப்பது, பதிப்பு வேலை என்று ஐம்பது அறுபது வருடம் ஓடியிருக்கிறது. நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை. கவிதை வாசிக்கிற அமெரிக்கர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர், மற்றவர்களுக்கு 2016 வரை தெரியாத பெயர்.

படத்துல இவருக்கு என்ன வேலை? நடிச்சிருக்காரா?

நடிக்கவில்லை. படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை ரெண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜிம் ஜார்முஷ் எழுதி இயக்கியது, 2016இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. நியூ ஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊர், அந்த ஊரில் பேட்டர்சன் என்றே பெயருள்ள ஒரு பஸ் டிரைவர், அவருக்கு லாரா என்று ஒரு மனைவி, மார்வின் என்று ஒரு நாய். காலையில் வேலைக்குப் போகிறார், வண்டி எடுக்குமுன் சீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கவிதை எழுதுகிறார், சாயங்காலம் வீடு, ராத்திரி நாயோடு ஒரு நடை, ஒரு கிளாஸ் பீர். ஒரு வாரம் இப்படியே போகிறது. (பஸ் டிரைவராக நடித்தவரின் பெயர் ஆடம் டிரைவர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் அதுதான் அவருடைய நிஜமான குடும்பப் பெயர்.)

அந்த டிரைவர் நோட்டில் எழுதுகிற கவிதைகள்தான் ரான் பேட்ஜெட்டின் பங்கு. நடிகர் குரலில் நிறுத்தி நிறுத்தி வருகின்றன, கூடவே திரையில் கையெழுத்தாகவும் ஓடுகின்றன. கவிதையின் வரி எங்கே உடைகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற படங்கள் ரொம்பக் குறைவு.

அப்போ படத்துல வர்ற எல்லாக் கவிதையும் இவர் எழுதினதா?

இல்லை, இதில் நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். டிரைவர் எழுதுவதாகக் காட்டுபவை மட்டும் பேட்ஜெட்டுடையவை. தெருவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி தன் நோட்டிலிருந்து மழையைப் பற்றி ஒரு கவிதை வாசிப்பாள், ஞாபகம் இருக்கிறதா? அது ஜார்முஷே எழுதியது. மனைவி கேட்டு டிரைவர் வாசித்துக் காட்டுகிற, குளிர்ப்பெட்டியில் இருந்த பிளம் பழங்களைத் தின்றுவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் குட்டிக் கவிதை, வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் எழுதியது. வில்லியம்ஸ் பக்கத்து ரதர்ஃபோர்டில் டாக்டராக இருந்துகொண்டே கவிதை எழுதியவர், 'பேட்டர்சன்' என்ற பெயரிலேயே அந்த ஊரைப் பற்றி ஐந்து பாகமாக ஒரு நெடுங்கவிதை எழுதியவர். படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

படத்துக்குன்னே எழுதினாரா, இல்ல பழசை எடுத்துப் போட்டாங்களா?

ரெண்டும் உண்டு. ஜார்முஷ் பேட்ஜெட்டின் நெடுநாள் வாசகர். முன்பே அச்சில் வந்த சில கவிதைகளை வாங்கிக்கொண்டார், சிலவற்றை இந்தப் படத்துக்காகப் புதிதாக எழுத வைத்தார். தீப்பெட்டிக் கவிதை பழையது. பஸ் ஓட்டிக்கொண்டு கோடானுகோடி மூலக்கூறுகளுக்கு நடுவே போவதைப் பற்றிய கவிதை படத்துக்காக எழுதியது, அது கேட்டாலே தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலான விஷயம் ஒளிந்திருக்கிறது. புதுக் கவிதைகளை எழுதும்போது பேட்ஜெட்டுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, எழுதுபவராகக் காட்டப்படுபவரோ முப்பதைத் தாண்டிய ஒரு டிரைவர், புத்தகம் போடாதவர், காலேஜ் கவிதை வட்டம் எதிலும் இல்லாதவர். அந்த ஆள் எழுதியிருக்கக்கூடிய கவிதையாக இருக்க வேண்டும், ரொம்ப மோசமாகவும் இருக்கக் கூடாது, 'ஆகா மேதை' என்று தோன்றவும் கூடாது. நம் சினிமாப் பாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும், பாத்திரத்தின் வாய்க்கு அளந்து எழுதுகிற வேலை அது. பேட்ஜெட்டுக்கு அது கஷ்டமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம், ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

தீப்பெட்டியைப் பத்தி எழுதினா கவிதையா? சும்மா பேசுற மாதிரிதானே இருக்கு?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்பார்கள். அந்தக் கவிதையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்குக் குறைவில்லை என்பதுபோல ரொம்ப சாதாரணமாக ஆரம்பிக்கிறது. முன்னால் வேறு பிராண்டு வாங்கினோம், இப்போது இந்த பிராண்டுதான் பிடிக்கிறது என்கிறது. பெட்டி எப்படி இருக்கிறது, மேலே என்ன நீலம், எழுத்துகள் ஒலிபெருக்கிக் குழாய் வடிவத்தில் எப்படி அமைந்திருக்கின்றன, குச்சி எத்தனை அங்குலம், அதன் தலை என்ன நிறம், எல்லாம் ஒரு கடைக்காரர் சரக்கு காட்டுகிற நிதானத்தில் வருகிறது. நீங்கள் அசந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் குச்சி ஒரு பெண்ணின் சிகரெட்டைப் பற்றவைக்கிறது, அடுத்த நாலைந்து வரியில் சொல்பவரே சிகரெட்டாகிறார், அவளே குச்சியாகிறாள், பிறகு மாறி இவர் குச்சி அவள் சிகரெட், முத்தம், புகை, வானம். தலைப்பு 'காதல் கவிதை' என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது, ஆனாலும் நமக்கு உறைப்பதில்லை.

சும்மா பேசுகிற மாதிரி இருப்பதுதான் அதில் உள்ள வேலை. அங்குலக் கணக்கும் பிராண்டுப் பெயரும் இல்லாமல் நேரே 'நீ நெருப்பு, நான் குச்சி' என்று ஆரம்பித்திருந்தால் அது கல்யாணப் பத்திரிகைக் கவிதையாகியிருக்கும். தீப்பெட்டியை அவர் முதலில் தீப்பெட்டியாகவே மதிக்கிறார், அதனால்தான் பிறகு அது தீப்பிடிக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் சுலபம் என்று நினைப்பவர்கள் வீட்டில் இருக்கிற ஒரு பொருளை எடுத்து ஒரு தடவை எழுதிப் பாருங்கள். நான் இட்லிக் கொப்பரையை வைத்து முயன்றேன், ஆறாவது வரியிலேயே அம்மாவின் தியாகத்துக்குப் போய்விட்டேன்.

சின்ன வயசுல என்ன பண்ணினார்? எப்படி கவிதைக்கு வந்தார்?

பதிமூன்று வயதில், தனக்குப் பிடித்த பெண் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுத ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அது எல்லோருக்கும் நடப்பதுதான். எல்லோருக்கும் நடக்காதது அடுத்தது. துல்சாவில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குப் போனார், புதிய எழுத்துகளோடு பழக்கம் ஏற்பட்டது. 1959இல், சென்ட்ரல் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருக்கும்போதே, நண்பர்கள் டிக் கேலப், ஜோ பிரெய்னார்ட் இவர்களோடு சேர்ந்து 'ஒயிட் டவ் ரிவ்யூ' என்று ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார். ஆலன் கின்ஸ்பெர்க், ஜாக் கெரோவாக், லெராய் ஜோன்ஸ், ராபர்ட் கிரீலி என்று அன்றைக்கு அமெரிக்காவே பேசிக்கொண்டிருந்த ஆட்களுக்குக் கடிதம் போட்டார்கள், 'எங்கள் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புங்கள்' என்று. அவர்களும் அனுப்பிவைத்தார்கள்! ஐந்து இதழ் வந்து நின்றது.

சிறுபத்திரிகை ஐந்து இதழோடு நிற்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் பதினேழு வயதுப் பையனுக்கு அந்தக் கடிதங்கள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய கவிஞர் என்பவர் தபாலில் எட்டக்கூடிய ஆள்தான் என்ற எண்ணம் அந்த வயதிலேயே வந்துவிட்டது. அவருடைய கவிதைகளில் பயபக்தி என்ற சமாச்சாரமே இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்பா சாராய வியாபாரியாமே, நிஜமாவா?

நிஜம். ஓக்லஹோமா 1907இல் மாநிலமானபோதே மதுவிலக்கோடு பிறந்த மாநிலம். நாடு முழுக்க 1933இல் மதுவிலக்கு போன பிறகும் அங்கே பட்டைச் சரக்கு, விஸ்கி எல்லாவற்றுக்கும் 1959 வரை தடை இருந்தது. தடை இருந்தால் கடத்தலும் இருக்கும், துல்சாவில் அந்தத் தொழிலில் பெரிய கை இவருடைய அப்பா வெய்ன் பேட்ஜெட். அப்பாவைப் பற்றி மகன் 2003இல் முழுப் புத்தகமே எழுதினார், தலைப்பிலேயே 'துல்சா கடத்தல்காரர்களின் ராஜா' என்று வருகிறது. மறைத்து வைக்கிற விஷயமாக அவர் அதை நினைக்கவில்லை. தடை நீங்கிய வருடமும் முந்தின பதிலில் சொன்ன பத்திரிகை தொடங்கிய வருடமும் ஒன்று என்பது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

நியூயார்க்குக்கு ஏன் போனார்?

படிக்க. 1960இல் கொலம்பியா பல்கலைக்கழகம். கின்ஸ்பெர்க்கும் கெரோவாக்கும் படித்த இடம் என்ற ஈர்ப்பு, போன இடத்தில் கிடைத்த வாத்தியார் கென்னத் கோக். (எழுத்தைப் பார்த்து 'கோச்' என்று சொல்வார்கள், உச்சரிப்பு குளிர்பானப் பெயர் மாதிரி 'கோக்'.) கின்ஸ்பெர்க், கெரோவாக் போன்ற 'பீட்' கவிஞர்களைத் தேடி வந்த பையனை கோக் வேறு பக்கம் திருப்பிவிட்டார்: நகைச்சுவை, பிரெஞ்சுக் கவிஞர்கள், விளையாட்டு. 1964இல் பட்டம், 1965-66இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பாரிஸ். அப்போலினேர், பியர் ரெவெர்டி, பிளேஸ் சாந்த்ரார் என்று பிற்காலத்தில் அவர் செய்த மொழிபெயர்ப்புகளுக்கு விதை அங்கே விழுந்தது.

துல்சா நண்பர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஓவியர் ஜோ பிரெய்னார்ட், கவிஞர் டிக் கேலப், அப்புறம் டெட் பெரிகன். பெரிகன் இவரைவிட எட்டு வயது மூத்தவர், ராணுவத்தில் இருந்துவிட்டு துல்சா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து இவர்களோடு ஒட்டிக்கொண்டவர். ஜான் ஆஷ்பெரி இந்தக் கூட்டத்தைக் கிண்டலாக 'துல்சா பள்ளி' என்று சொல்லப்போய் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

'நியூயார்க் பள்ளி'ன்னு எல்லாக் கட்டுரையிலும் வருதே, அது என்ன ஸ்கூலா?

கட்டடம் எதுவும் கிடையாது. 1950களில் நியூயார்க்கில் ஓவியர்களோடு பழகிக்கொண்டு எழுதிய ஃபிராங்க் ஓஹாரா, ஜான் ஆஷ்பெரி, கென்னத் கோக், ஜேம்ஸ் ஸ்கைலர், பார்பரா கெஸ்ட் இவர்களுக்கு வைத்த பொதுப் பெயர் அது. பேச்சு மொழி, நண்பர்களின் பெயர்கள், தெரு, சாப்பாடு, சிரிப்பு எல்லாம் கவிதைக்குள் வரலாம் என்றவர்கள். பேட்ஜெட், பெரிகன், ஆன் வால்ட்மன் எல்லோரும் அதன் இரண்டாம் தலைமுறை. 1970இல் டேவிட் ஷபிரோவோடு சேர்ந்து இந்தக் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தவரும் பேட்ஜெட்தான்.

ஜார்முஷும் கொலம்பியாவில் படித்தவர், அவருக்கும் கோக்கும் ஷபிரோவும் வாத்தியார்கள். ஆகவே படத்துக்கு ஏன் பேட்ஜெட் என்று கேட்டால், ஒரே திண்ணையில் படித்த ரெண்டு பேர் என்று சொல்லிவிடலாம், பத்து வருட இடைவெளியில்.

கவிதை எழுதியே பிழைச்சாரா? சாப்பாட்டுக்கு என்ன பண்ணினார்?

அங்கேயும் கவிதை சோறு போடாது. அவர் செய்தது கவிதையைச் சுற்றி இருக்கிற எல்லா வேலையும். 1960களின் கடைசியில் மன்ஹாட்டன் கிழக்குப் பக்கத்தில் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் நடந்த கவிதைப் பட்டறையில் வகுப்பு எடுத்தார். 1969இலிருந்து சில ஆண்டுகள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் கவிதை சொல்லிக்கொடுத்தார். நண்பர்களோடு 'ஃபுல் கோர்ட் பிரஸ்' என்ற பதிப்பகம் நடத்தினார். 1978இலிருந்து கொஞ்ச காலம் அந்த தேவாலயத்தின் 'பொயட்ரி புராஜெக்ட்' அமைப்புக்கே இயக்குநர். பிறகு 1980களிலும் 1990களிலும் 'டீச்சர்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் கொலாபரேட்டிவ்' என்ற அமைப்பில் பதிப்பு இயக்குநர். இடையில் மொழிபெயர்ப்பு, உதவித்தொகை. 1986இல் குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது.

ஆசிரியர்னு சொல்றீங்களே, எந்தக் காலேஜ் புரொபசர்?

இதில்தான் நம்மாட்கள் ஏமாந்து போகிறார்கள். கொலம்பியா, புரூக்ளின் கல்லூரி மாதிரி இடங்களில் வகுப்பு எடுத்திருக்கிறார், ஆனால் பல்கலைக்கழக நாற்காலியில் வாழ்க்கையைக் கட்டிக்கொண்ட ஆள் இல்லை. அவருடைய ஆசிரியர் வேலையில் கனமான பகுதி ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளோடும், அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்காகப் போட்ட புத்தகங்களோடும் இருக்கிறது.

நான் மேலே சொன்ன 'டீச்சர்ஸ் அண்ட் ரைட்டர்ஸ்' 1967இல் நியூயார்க்கில் தொடங்கியது, எழுத்தாளர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்புவது அதன் வேலை. பேட்ஜெட் அங்கிருந்து 1987இல் தொகுத்த கவிதை வடிவங்களின் கையேடு பல பள்ளி ஆசிரியர்களின் மேஜையில் இருந்த புத்தகம். அகர வரிசையில் ஒவ்வொரு வடிவமும்: அது என்ன, எங்கிருந்து வந்தது, ஒரு மாதிரி, எழுத ஒரு வழி. இலக்கணப் புத்தகத்தின் மிரட்டல் கிடையாது. 1997இல் வாசிப்பைப் பற்றி ஒன்று எழுதினார், தப்பாக வாசித்துவிடுவதைக்கூடக் கற்பனைக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் புத்தகம். பேருந்துப் பலகையை அவசரத்தில் தப்பாகப் படித்து நாமே சிரித்துக்கொள்வோமே, அதையே பயிற்சியாக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

பசங்களுக்குக் கவிதையை எப்படிங்க சொல்லித் தர்றது? வரவே வராதே.

இந்த வழியைத் திறந்தவர் வாத்தியார் கோக். 1968 வாக்கில் மன்ஹாட்டனில் 'பி.எஸ். 61' என்ற அரசுப் பள்ளியில் பிள்ளைகளிடம் முதல் வேலையாக எதுகை மோனை வேண்டாம் என்றார். அதைத் தேடப் போனால் பிள்ளை தான் சொல்ல வந்ததை விட்டுவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடக்கம் கொடுத்தார். ஒரு நாள் எல்லா வரியும் 'எனக்கு ஆசை' என்று ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு நாள் 'முன்னே நான் இப்படி இருந்தேன், இப்போ இப்படி'. எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிற பிள்ளைகூட இதற்கு வாய் திறக்கும், ஏனென்றால் பாதி வரி ஏற்கனவே எழுதியாகிவிட்டது! அனுபவத்தை 1970இல் புத்தகமாகப் போட்டார், அது நாடு முழுக்கப் போனது. பேட்ஜெட்டும் அவர் தலைமுறைக் கவிஞர்களும் வகுப்புகளுக்குப் போனது இந்த வழியில்தான்.

இன்னொரு பயிற்சிக்கும் துல்சாவோடு சொந்தம் உண்டு. ஜோ பிரெய்னார்ட் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்று ஆரம்பித்து ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் எழுத்து வகுப்பு எடுக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தொடக்கத்தைக் கொடுக்கிறார்கள், பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரி: 'எனக்கு ஞாபகம் இருக்கிறது, தாத்தா கண்ணாடியைக் கழற்றினால் வேறு ஆள் மாதிரி இருப்பார்.' நான் சொல்லிக்கொடுத்து இது வந்திருக்காது.

ஒரே வரியை பதினாலு தடவை எழுதி சானெட்டுன்னு போட்டாராமே? அது ஏமாத்து வேலை இல்லையா?

சானெட் என்பது பதினாலு வரியில் எழுதுகிற ஒரு கவிதை வடிவம். அந்த டிராயரில் ஒன்றும் இல்லை என்று பொருள்படும் ஒரு வரி, பதினாலு தடவை, அவ்வளவுதான் கவிதை. 1969இல் வந்த புத்தகத்தில் இருக்கிறது. ஏமாற்று என்று சொன்னால் கோபப்பட மாட்டேன். ஆனால் ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதல் நாலு வரியில் தேடுகிறோம், நடுவில் எரிச்சல் வருகிறது, சானெட்டில் வழக்கமாகத் திருப்பம் வருகிற ஒன்பதாவது வரியில் நாமே ஒரு திருப்பத்தை எதிர்பார்க்கிறோம், கடைசி ரெண்டு வரிக்கு வரும்போது சிரிப்போ சோர்வோ ஏதோ ஒன்று. வடிவம் என்பது நம் தலைக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டுகிற சோதனையாக அதை எடுத்துக்கொள்ளலாம். கவிதை வடிவங்களுக்குக் கையேடு போட்டவரும் இதே ஆள் என்பதை மறக்க வேண்டாம், தெரியாமல் செய்த வேலை இல்லை.

எல்லாச் சோதனையும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆரம்பகாலக் கவிதைகளில் பல, நண்பர்கள் கூட்டத்தில் சிரிப்பதற்கான சங்கதிகள், வெளியாளுக்கு அவ்வளவாக ஒட்டாது.

ரெண்டு பேர் சேர்ந்து எழுதின புத்தகத்துல எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?

தெரியாது, தெரியக் கூடாது என்றுதான் செய்தார்கள். 1967இல் பெரிகனும் பேட்ஜெட்டும் எழுதி பிரெய்னார்ட் படம் வரைந்த 'பீன் ஸ்பாசம்ஸ்' புத்தகத்தில் எந்தக் கவிதையின் அடியிலும் பெயர் இல்லை. ஒருவர் ஒரு வரி தட்டச்சு செய்ய இன்னொருவர் அடுத்ததை, சில வேளை மற்றவருடைய கவிதையையே திருத்தி, சிதைத்து. அப்போது பெரிகன் 'சி' என்று ஒரு பத்திரிகையை ஸ்டென்சில் வெட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார், பேட்ஜெட்டின் முதல் கவிதைப் புத்தகமும் 1964இல் அந்த 'சி' வெளியீடாகத்தான் வந்தது.

அந்த நட்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெரிகன் 1983இல் போய்விட்டார், பிரெய்னார்ட் 1994இல் எய்ட்ஸ் நோயில். ரெண்டு பேரைப் பற்றியும் பேட்ஜெட் தனித்தனியாக நினைவுப் புத்தகம் எழுதினார், பிரெய்னார்டின் எழுத்துகளைத் திரட்டி 2012இல் பெரிய தொகுப்பாகவும் கொண்டுவந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த ஒருவரின் எழுத்துக்கு அறுபது எழுபது வயதில் உட்கார்ந்து பதிப்பாசிரியர் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

வேற ஏதோ படத்துலயும் இவர் இருக்காராமே?

பிரெய்னார்டைப் பற்றி மேட் உல்ஃப் 2012இல் எடுத்த ஒரு குறும் ஆவணப்படம். ஒரு பக்கம் பிரெய்னார்ட் தன் ஞாபக வாக்கியங்களை வாசிக்கிற பழைய ஒலிப்பதிவு, மறுபக்கம் பேட்ஜெட் நண்பனைப் பற்றிப் பேசுகிற குரல், ரெண்டையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல வெட்டி ஒட்டியிருப்பார். முந்தின பதிலைப் படித்துவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

அந்த பஸ் டிரைவர் கதாபாத்திரம் இவர்தானா? இவர் வாழ்க்கையைத்தான் எடுத்தாங்களா?

இல்லவே இல்லை, சொல்லப்போனால் தலைகீழ். படத்து டிரைவருக்குக் கவிதை நண்பர்களே கிடையாது, ஒரே நோட்டுதான், நகல்கூட எடுத்துவைக்கவில்லை. மனைவி கெஞ்சிக்கொண்டே இருப்பாள், அவர் தள்ளிப்போடுவார், கடைசியில் ஒரு சாயங்காலம் நாய் நோட்டைக் குதறிவிடும். பேட்ஜெட்டோ பதினேழு வயதிலேயே பத்திரிகை போட்டவர், வாழ்க்கை முழுக்கத் தன் எழுத்தையும் அடுத்தவர் எழுத்தையும் அச்சேற்றிக்கொண்டே இருந்தவர். 2013இல் வந்த அவருடைய முழுத் தொகுப்பு எண்ணூறு பக்கத்துக்கு மேல், எந்த நாயும் அதை லேசில் குதற முடியாது.

பிறகு எது பொது என்றால் கண். டிபன் சாப்பிடுகிற மேஜையில் கிடக்கிற தீப்பெட்டியைப் பார்த்து நிற்கிற கண். அதை ஜார்முஷ் இவரிடமிருந்து எடுத்து அவருக்குப் பொருத்தினார்.

பெரிய விருது ஏதாவது வாங்கியிருக்காரா?

'ஹௌ லாங்' என்ற புத்தகம் 2012 புலிட்சர் பரிசில் கடைசிச் சுற்றுவரை வந்தது. முழுத் தொகுப்புக்கு லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் புத்தகப் பரிசும், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் பெயரிலான விருதும் கிடைத்தன. ஆமாம், பிளம் பழக்காரர் பெயரில்தான், அதுவும் படம் வருவதற்கு முன்பே. 2018இல் கவிஞர்களுக்குக் கொடுக்கிற ஃபிராஸ்ட் பதக்கம்.

எதுல ஆரம்பிக்கலாம்? இங்கிலீஷ் சுமாராத்தான் வரும்.

முதலில் படத்தைப் பாருங்கள், ஒரு கவிதை வரும்போது நிறுத்திவிட்டுத் திரையில் உள்ள வரிகளைப் படியுங்கள். பிறகு 'எப்படிக் குறையில்லாமல் இருப்பது' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய நீண்ட அறிவுரைப் பட்டியல் கவிதை ஒன்று இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு சின்ன அறிவுரை, பாதி நிஜ அக்கறை, பாதி குறும்பு. அகராதி அதிகம் தேவைப்படாது. முழுத் தொகுப்பை முதலில் வாங்காதீர்கள், நான் செய்த தப்பு அது, கையும் வலித்தது.

தமிழ்ல கொண்டுவர முடியுமா இவரை?

பேச்சு மொழியில் எழுதுபவரை மொழிபெயர்ப்பது சுலபம் என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். தீப்பெட்டிக் கவிதையில் முதல் சிக்கல் பிராண்டுப் பெயர். அதை அப்படியே வைத்தால் நமக்கு அது எந்தச் சமையலறையையும் ஞாபகப்படுத்தாது, சிவகாசிப் பெட்டி ஒன்றின் பெயரைப் போட்டால் கவிதை ஊரை விட்டுப் போய்விடும். அப்படியே வைத்துவிட்டேன்.

அதைவிட மாட்டிக்கொண்டது ஒரு குட்டி ஹைக்கூவில். மூன்று வரி, ஒவ்வொரு வரியும் தன்னிடம் எத்தனை அசை இருக்கிறது என்று மட்டும் சொல்லும், சொல்கிற வரியிலேயே அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும். 'அசை' என்று எழுதினால் யாப்புத் தெரிந்தவர்கள் நேர், நிரை என்று வேறு கணக்குக்குப் போய்விடுவார்கள். அந்தச் சொல்லே இல்லாமல் முதல் வரிக்கு 'முதலில் ஐந்து' என்று வைத்தேன், மு, த, லில், ஐந், து, விரல் ஐந்தும் மடங்கிவிட்டது. ஏழு வர வேண்டிய இரண்டாவது வரியில் எட்டு வந்து நிற்கிறது.